பில்லும் ஸ்டாக்கும் தங்கும் இடம்: எந்த டேட்டாபேஸ் சர்வர்?

வியாபாரத்துக்கு ஒரு வெப் அப்ளிகேஷன் கட்டத் தொடங்கும்போது, எந்த மொழி, எந்த ஃபிரேம்வொர்க் என்று வாரக்கணக்கில் விவாதிப்பார்கள். கணக்கையெல்லாம் சேமித்து வைக்கும் டேட்டாபேஸ் எது என்ற கேள்விக்கு மட்டும், டெவலப்பரின் கை பழகியது எதுவோ அதுவே பதிலாகிவிடும். திரையை நான்கைந்து ஆண்டில் புதிதாக எழுதிவிடலாம். கீழே இருக்கும் கணக்கை அப்படிச் சுலபமாகப் பெயர்த்தெடுக்க முடியாது. கட்டிய டெவலப்பர் வேலையை விட்டுப் போன பிறகும், முதலாளியின் மகன் பொறுப்புக்கு வந்த பிறகும் அது அங்கேயேதான் இருக்கும். அதனால் இந்த ஒரு முடிவை மட்டும் நிதானமாக எடுக்கச் சொல்கிறேன்.

பொதுப்படையாகப் பேசினால் எதுவும் உறைக்காது. ஒரு மொத்த வியாபார நிறுவனத்தை எடுத்துக்கொள்வோம். மூன்று கிளை, ஒரு குடோன், ஒரே நேரத்தில் நாற்பது பேர் உள்ளே இருப்பார்கள். பில், ஸ்டாக், வசூல், ஜிஎஸ்டி கணக்கு எல்லாம் ஒரே அப்ளிகேஷனில். நாளுக்கு 2,000 பில், பில்லுக்குப் பத்து சரக்கு வரிகள் என்று வைத்தால் ஆண்டுக்கு அறுபது லட்சம் வரிகள். விரைவாகத் தேட உதவும் இண்டெக்ஸையும் சேர்த்து ஆண்டுக்கு இரண்டு ஜிபி அளவுக்கு வளரும். பத்தாண்டு ஓடினாலும் இருபது ஜிபியைச் சுற்றித்தான் நிற்கும். இந்த அளவை இன்றைய சாதாரண சர்வரில் எந்த டேட்டாபேஸும் சிரமமில்லாமல் தாங்கும். போஸ்ட்கிரெஸ் என்ற டேட்டாபேஸை விட்டு மைஎஸ்கியூஎல் என்ற இன்னொன்றுக்குப் போனதாக ஊபர் 2016இல் எழுதியதை எடுத்துக்காட்டி எது வேகம் என்று வாதாடுகிறவர்கள் உண்டு. அது வேறு அளவுள்ள பிரச்சினை. நம் நாற்பது பேருக்கு வேகம் ஒரு அளவுகோலே இல்லை. தவறான தரவு உள்ளே வரும்போது எது வாசலிலேயே மறுக்கிறது, சர்வர் போய்விட்டால் எதிலிருந்து கணக்கை மீட்க முடியும் என்ற இரண்டையும்தான் பார்க்க வேண்டும்.

சிலவற்றை எடுத்த எடுப்பிலேயே ஒதுக்கலாம். ஆரக்கிள் திறமையில் குறைந்ததல்ல. ஆனால் அதன் எண்டர்பிரைஸ் பதிப்பு விலைப்பட்டியலில் பிராசஸர் ஒன்றுக்கு 47,500 டாலர், அதற்கு மேல் ஆண்டுதோறும் 22 சதவீதம் பராமரிப்புக் கட்டணம். இலவசப் பதிப்பு 12 ஜிபி தரவோடு நின்றுவிடும். தரவை ஆவணங்களாக வைக்கும் மாங்கோடிபி 2018இல் வந்த 4.0 பதிப்பிலிருந்து பல ஆவணங்களை ஒரே டிரான்சாக்ஷனில் (எல்லாம் சேர்ந்தே நிலைக்கும், இல்லையேல் எதுவும் நிலைக்காது) எழுத விடுகிறது. இருந்தாலும் பில், வாடிக்கையாளர், சரக்கு, வரி, லெட்ஜர் என்று ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும் கணக்குக்கு அட்டவணைகளும் அவற்றுக்கிடையே கட்டாயமான உறவுகளும்தான் பொருந்தும். ஒரே ஃபைலில் அடங்கும் எஸ்கியூலைட்டை எனக்கு மிகவும் பிடிக்கும்; ஒற்றைக் கடை, ஒற்றை கம்ப்யூட்டர் என்றால் அதுவே போதும். ஆனால் ஒரு நேரத்தில் ஒருவர்தான் அதில் எழுத முடியும். மூன்று கிளைக்கு அது சரிவராது.

மிஞ்சுவது நான்கு: போஸ்ட்கிரெஸ், மைஎஸ்கியூஎல், அதிலிருந்து பிரிந்த மரியாடிபி, மைக்ரோசாஃப்டின் எஸ்கியூஎல் சர்வர்.

வாசலில் மறுக்கும் குணம்

மைஎஸ்கியூஎல் வெப் உலகில் பரவிய காலத்தில் அதன் இயல்பு, கொடுத்ததை எப்படியாவது வாங்கிக்கொள்வது. 9,99,999.99 வரைதான் கொள்ளும் அட்டவணைப் பத்தியில் 12,50,000 எழுதினால் பிழை சொல்லாது; 9,99,999.99 என்று வெட்டிப் போட்டுவிட்டு ஒரு எச்சரிக்கையை மட்டும் விட்டுவைக்கும். அந்த எச்சரிக்கையை எந்த அப்ளிகேஷனும் படிப்பதில்லை. 2015இல் வந்த 5.7 பதிப்பிலிருந்துதான், பொருந்தாததைப் பிழை சொல்லி மறுக்கும் கண்டிப்பு முறை இயல்பானது. தொகை பூஜ்யத்துக்குக் கீழே போகக்கூடாது என்பது போன்ற செக் கட்டுப்பாட்டை எழுதினால், பல ஆண்டுகள் அதைப் படித்துவிட்டுப் பேசாமல் தூக்கிப் போட்டது. 2019இல் 8.0.16 வந்த பிறகுதான் உண்மையில் அமல்படுத்துகிறது. மரியாடிபி இதை 10.2 பதிப்பிலேயே செய்துவிட்டது.

இன்று புதிதாக நிறுவினால் இந்தக் குறைகள் இல்லை. ஆனாலும் பழைய அப்ளிகேஷன்களில் கண்டிப்பு முறையை அணைத்து வைத்திருக்கும் ஒரு வரி கான்ஃபிக் ஃபைலில் இன்னும் உட்கார்ந்திருக்கும். கைக்கு வரும் எந்த மைஎஸ்கியூஎல் சர்வரிலும் முதலில் அதைத் தேடிப் பாருங்கள். போஸ்ட்கிரெஸில் அப்படி அணைக்க ஒரு சுவிட்சே கிடையாது. கொள்ளாத எண்ணைக் கொடுத்தால் பிழை, இல்லாத தேதியைக் கொடுத்தால் பிழை. டெவலப்பருக்கு எரிச்சலாக இருக்கும்; கணக்குப் பார்ப்பவருக்கு அதுதான் நிம்மதி.

ஒரு நல்ல சோதனை இருக்கிறது. 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி விகிதங்கள் மாறின. நெய், வெண்ணெய் 12 சதவீதத்திலிருந்து 5க்கு வந்தன. 21ஆம் தேதி வரை ஒரு விகிதம், 22 முதல் இன்னொன்று. இந்தக் காலப்பகுதிகள் ஒரு நாள்கூட ஒன்றன்மேல் ஒன்று விழக்கூடாது. விழுந்தால் ஒரே பில்லுக்கு இரண்டு வரி விகிதம் கிடைக்கும். போஸ்ட்கிரெஸில் இதை டேட்டாபேஸ் விதியாகவே எழுதிவிடலாம்: ஒரே சரக்குக்கு மேற்பொருந்தும் காலம் வந்தால் அது ஏற்காது. மரியாடிபி 10.5 முதல் இதே வசதியைத் தருகிறது. மைஎஸ்கியூஎல்லிலும் எஸ்கியூஎல் சர்வரிலும், தரவு மாறும்போது தானே ஓடும் டிரிக்கரோ அப்ளிகேஷன் கோடோ எழுதித்தான் காவல் காக்க வேண்டும். அப்ளிகேஷனுக்குள் வைத்த காவல், யாராவது எக்செல்லிலிருந்து நேரடியாகத் தரவை ஏற்றும் நாளில் உதவாது.

ஸ்டாக் கணக்கில் மட்டும் எந்த டேட்டாபேஸும் தானாக உங்களைக் காப்பாற்றாது. இருப்பு பத்து என்று படித்து, அப்ளிகேஷனில் ஏழைக் கழித்து, மூன்று என்று திருப்பி எழுதினால், அதே நொடியில் இன்னொரு கிளை செய்த விற்பனை காணாமல் போகும். இயல்பு அமைப்பில் போஸ்ட்கிரெஸும் மைஎஸ்கியூஎல்லும் இதை அனுமதிக்கின்றன. ஒரே நேரத்தில் ஓடும் டிரான்சாக்ஷன்களைப் பிரித்து வைக்கும் தனிமைப்படுத்தும் நிலையை ஒரு படி உயர்த்தினால் போஸ்ட்கிரெஸ் இரண்டாவது ஆளுக்குப் பிழை கொடுத்து நிறுத்தும். மைஎஸ்கியூஎல் அதே பெயருள்ள நிலையில் இருந்தும் நிறுத்தாது. எதில் எழுதினாலும் கழித்தலை அப்டேட் கட்டளைக்குள்ளேயே செய்து, இருப்பு பூஜ்யத்துக்குக் குறையக்கூடாது என்ற செக் கட்டுப்பாட்டையும் போட்டுவிடுங்கள்.

பில் எண்ணும் இப்படித்தான். மத்திய ஜிஎஸ்டி விதி 46, பில் எண் தொடர்ச்சியாக, நிதியாண்டுக்குள் தனித்ததாக, 16 எழுத்துக்குள் இருக்க வேண்டும் என்கிறது. டேட்டாபேஸ் தானாகக் கொடுக்கும் வரிசை எண்ணை இதற்குப் பயன்படுத்தாதீர்கள். பாதியில் ரத்தான டிரான்சாக்ஷன் வாங்கிய எண்ணைத் திருப்பித் தராது. நான்கிலும் இதே கதை. எஸ்கியூஎல் சர்வர் திடீரென்று நின்று எழுந்தால் ஒரே தாவலில் ஆயிரம் எண்கள் போய்விடலாம். மைஎஸ்கியூஎல்லில் 8.0க்கு முன்பு ரீஸ்டார்ட் செய்தபின் அழித்த எண் மறுபடி வரக்கூட வாய்ப்பிருந்தது. கிளைக்கு ஒரு வரி என்று தனி அட்டவணை வைத்து, பில் எழுதும் அதே டிரான்சாக்ஷனுக்குள் அந்த வரியைப் பூட்டி எண்ணை உயர்த்துவதுதான் வழி.

மறுக்கும் குணத்தோடு ஒட்டிய இன்னொன்று, அட்டவணையின் அமைப்பை மாற்றுவது. புதிய பதிப்பு ஏற்றும்போது ஏழு மாற்றங்களில் நான்காவது தவறினால் என்ன நடக்கும்? போஸ்ட்கிரெஸில் ஏழும் ஒரே டிரான்சாக்ஷன். தவறினால் எதுவும் நடக்காதது போல் பழைய நிலைக்குத் திரும்பும். எஸ்கியூஎல் சர்வரிலும் பெரும்பாலும் அப்படியே. மைஎஸ்கியூஎல், மரியாடிபி இரண்டிலும் ஒவ்வொரு மாற்றமும் உடனுக்குடன் நிலைபெற்றுவிடும். முதல் மூன்று உள்ளே, மீதி வெளியே. ராத்திரி பதினொரு மணிக்கு இதைக் கையால் சரிசெய்தவர்களுக்கு இந்த ஒரு வித்தியாசத்தின் மதிப்பு தெரியும்.

தமிழில் பெயர் எழுதினால்

வாடிக்கையாளர் பெயர், ஊர், சரக்குப் பெயர் தமிழில் இருக்கப் போகிறதென்றால் கொஞ்சம் பொறுமையாகப் பாருங்கள். தட்சிணாமூர்த்தி என்ற பெயர் நமக்கு எட்டு எழுத்து. எல்லா மொழி எழுத்துக்கும் எண் தரும் யூனிகோடில் 15 குறிகள். அதைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் 45 பைட். போஸ்ட்கிரெஸும் மைஎஸ்கியூஎல்லும் பத்தியின் நீளத்தைக் குறிகளாக எண்ணுகின்றன. ஆரக்கிள் இயல்பாக பைட்டாக எண்ணும். நாற்பது என்று நீளம் கொடுத்துவிட்டு அங்கே இந்தப் பெயரை எழுதினால் பிழைதான் வரும்.

மைஎஸ்கியூஎல்லில் யூடிஎஃப்8 என்ற பெயரில் பல காலம் இருந்தது முழுமையானதல்ல. மூன்று பைட் வரைதான் கொள்ளும். தமிழ் எழுத்துகள் மூன்று பைட் என்பதால் நம் கண்ணுக்குக் குறை தெரியவில்லை. வாட்ஸ்அப்பில் வந்த ஆர்டர் குறிப்பை ஒரு ஸ்மைலியோடு ஒட்டும்போதுதான் வெளிப்படும்: கண்டிப்பு முறை இருந்தால் பிழை, இல்லாவிட்டால் ஸ்மைலிக்குப் பிறகு வரும் சொற்கள் எல்லாம் காணாமல் போகும். 2019இல் யூனிகோடில் சேர்ந்த தமிழ்ப் பின்னக் குறிகளுக்கும் நான்கு பைட் வேண்டும். யூடிஎஃப்8எம்பி4 என்பதைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். 2018இல் வந்த 8.0 முதல் அதுவே இயல்பு. மரியாடிபியில் தமிழைக் கொள்ளாத லத்தீன்1தான் நீண்ட காலம் இயல்பாக இருந்தது, ஆகவே அங்கே வெளிப்படையாகக் குறிப்பிட்டுவிடுங்கள்.

எஸ்கியூஎல் சர்வரில் கண்ணி வேறு. பத்தியை யூனிகோட் ஏற்கும் என்வார்கேர் வகையாக அமைத்திருந்தாலும், கட்டளையில் மேற்கோளுக்கு முன் என் (N) என்ற ஆங்கில எழுத்தைப் போடாமல் தமிழை எழுதினால் சேமிப்பது கேள்விக்குறிகளை மட்டுமே. பிழைச் செய்தி வராது, போன பெயர் திரும்பியும் வராது. அப்ளிகேஷன் வழியாகப் பாராமீட்டராக அனுப்பினால் பெரும்பாலும் தப்பிக்கலாம்; கையால் எழுதிய ஸ்கிரிப்டில்தான் மாட்டுவார்கள்.

அகர வரிசையையும் சொல்லிவிடுகிறேன். யூனிகோட் குறிகளின் வரிசைப்படியே அடுக்கினால் ன என்பது ந வுக்கு அடுத்து வந்து நிற்கும், ள வுக்குப் பின்தான் ழ வரும், ஜ போய் ச வுக்குப் பக்கத்தில் உட்காரும். போஸ்ட்கிரெஸில் ஐசியு என்ற மொழி நூலகத்தின் வழித் தமிழ் வரிசையைப் பத்திவாரியாகக் குறிப்பிடலாம், மைஎஸ்கியூஎல் 8.0இன் புதிய வரிசைமுறையும் யூனிகோட் விதிகளைப் பின்பற்றுகிறது. எதை எடுத்தாலும் உங்கள் வாடிக்கையாளர் பட்டியலையே போட்டு அடுக்கிப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

எஸ்கியூஎல் சர்வருக்கு எப்போது சரி சொல்லலாம்

உங்கள் ஆட்கள் மைக்ரோசாஃப்டின் டாட்நெட்டில் நிரல் எழுதி ஊறியவர்கள், ரிப்போர்ட் எல்லாம் பவர் பிஐயில் என்றால் எஸ்கியூஎல் சர்வர் நல்ல தேர்வு. அதன் நிர்வாகக் கருவி மிகச் சிறந்தது. கேள்வி பணம்தான். இலவசமான எக்ஸ்பிரஸ் பதிப்பு 2022 வரை ஒரு டேட்டாபேஸுக்கு 10 ஜிபியோடு நின்றது. நம் நிறுவனத்தின் வளர்ச்சிக்கு ஐந்தாம் ஆண்டில் சுவரில் முட்டும். 2025 பதிப்பில் அது 50 ஜிபியாக உயர்ந்திருப்பது இப்படிப்பட்ட நிறுவனங்களுக்குப் பெரிய ஆறுதல். ஆனால் நினைவகக் கட்டுப்பாடு தொடர்கிறது, நேரம் குறித்து வேலைகளை ஓட்டும் ஏஜெண்டும் எக்ஸ்பிரஸில் இல்லை, பேக்கப்பை விண்டோஸின் டாஸ்க் ஷெட்யூலரில்தான் கட்ட வேண்டும். ஸ்டாண்டர்ட் பதிப்புக்குப் போனால் குறைந்தது நான்கு கோர் வாங்க வேண்டும். 2022 பதிப்புக்கு மைக்ரோசாஃப்ட் அறிவித்த விலையில் அது சுமார் 7,900 டாலர்.

இன்னொன்று: நம் சர்வரில் நிறுவும் எஸ்கியூஎல் சர்வரில், எழுதுகிறவர் படிக்கிறவரைத் தடுப்பார் என்பதே இயல்பு அமைப்பு. மாதக் கடைசியில் கணக்குப் பிரிவு பெரிய ரிப்போர்ட் ஓட்டும்போது கவுண்டரில் பில் நகராது. இதற்கு மருந்தாகப் பூட்டைப் புறக்கணித்துப் படிக்கும் குறிப்பை எல்லா இடத்திலும் தூவுவார்கள். அதனால் பாதி எழுதிய பில்லும் ரிப்போர்ட்டில் சேர்ந்து தொகை தவறும். தேவையான தீர்வு டேட்டாபேஸ் அளவில் ஒரே ஒரு அமைப்பை மாற்றி, படிக்கிறவருக்குப் பழைய நிலையின் பிரதியைக் கொடுக்கச் செய்வது. மற்ற மூன்றிலும் அது பிறவியிலேயே இருக்கிறது.

ஆடிட்டர் கேட்கப் போவது

இந்தியாவில் கம்பெனியாகப் பதிவு செய்திருந்தால், 2023 ஏப்ரல் 1 முதல் கணக்கு மென்பொருளில் ஒவ்வொரு மாற்றமும் தேதியோடு பதிவாக வேண்டும். அந்தப் பதிவை அணைக்க முடியாதபடியும் இருக்க வேண்டும். அப்ளிகேஷனில் லாக் வைத்துவிட்டோம் என்று பலர் நிம்மதியாக இருக்கிறார்கள். ஆடிட்டர் அடுத்துக் கேட்பது, டேட்டாபேஸுக்குள் நேராக நுழைந்து ஒருவர் தொகையை மாற்றினால் எங்கே பதிவாகும் என்பதை.

இந்தக் கேள்வியில் நான்கும் நன்றாகவே வேறுபடுகின்றன. மைஎஸ்கியூஎல்லின் இலவசப் பதிப்பில் ஆடிட் வசதி இல்லை. பணம் கட்டும் எண்டர்பிரைஸ் பதிப்பில்தான் உண்டு. மரியாடிபியில் ஆடிட் பிளக்இன் இலவசம். அதோடு 10.3 முதல், ஒரு வரியின் பழைய நிலைகளையெல்லாம் தானே சேர்த்து வைக்கும் அட்டவணைகளும் உள்ளன. குறிப்பிட்ட தேதியில் இந்த பில் எப்படி இருந்தது என்று கேட்டால் எடுத்துத் தரும். எஸ்கியூஎல் சர்வரிலும் 2016 முதல் இதே வசதி. போஸ்ட்கிரெஸுக்கு பிஜிஆடிட் என்ற நீட்சி யார் என்ன கட்டளை ஓட்டினார் என்பதைப் பதியும். பழைய நிலையைச் சேர்த்து வைக்க டிரிக்கர் எழுதிக்கொள்ள வேண்டும். இந்த ஒரு விஷயத்தில் மரியாடிபி போஸ்ட்கிரெஸை விட முன்னே நிற்கிறது என்று தயங்காமல் சொல்வேன்.

மைஎஸ்கியூஎல்லா, மரியாடிபியா என்ற தயக்கத்துக்கும் இதிலேயே பாதி விடை இருக்கிறது. மைஎஸ்கியூஎல்லை சன் நிறுவனம் 2008இல் வாங்கியது. சன்னை ஆரக்கிள் வாங்கி முடித்தது 2010இல். அதற்கு முன்பே, 2009இல், மைஎஸ்கியூஎல்லை உருவாக்கியவர்களில் ஒருவரான மைக்கேல் விடேனியஸ் மரியாடிபியைப் பிரித்தெடுத்தார். விக்கிப்பீடியா 2013இல் மரியாடிபிக்கு மாறியது. இரண்டும் இன்று ஒன்றுக்கொன்று அப்படியே மாற்றிப் போடக்கூடியவை அல்ல, ஆண்டுக்கு ஆண்டு விலகிப் போகின்றன. சொந்த சர்வரில் நிறுவுவதானால் மரியாடிபி பக்கம்தான் நான் சாய்வேன். மைஎஸ்கியூஎல் 8.0க்கான ஆதரவு 2026 ஏப்ரல் வரைதான் என்பதால், புதிதாகத் தொடங்குகிறவர் அந்தப் பதிப்பைத் தொடவே வேண்டாம், 8.4 எடுங்கள்.

போஸ்ட்கிரெஸில் இடறும் இடங்கள்

நான் போஸ்ட்கிரெஸ் பக்கம் நிற்பது இதற்குள் தெரிந்திருக்கும். அதனால் அதன் சிரமங்களையும் சொல்வது என் கடமை. ஒவ்வொரு இணைப்புக்கும் அது ஒரு தனி பிராசஸைத் தொடங்கும். இயல்பு வரம்பு 100. பிஎச்பி அப்ளிகேஷன் தாராளமாக இணைப்புகளைத் திறந்தால் வரம்பு நிரம்பி, கவுண்டரில் பிழை வரும். நடுவே இணைப்புகளைப் பகிர்ந்து கொடுக்கும் பிஜிபவுன்சர் போட்டால் தீரும், ஆனால் அதைப் போட வேண்டும் என்று தெரிந்த ஆள் வேண்டும். செல்லாமல் போன பழைய பதிவு வரிகளைக் கூட்டி அள்ளும் ஆட்டோவேக்யூமை, வேகம் குறைகிறது என்று நினைத்து அணைத்துவிடக்கூடாது.

லினக்ஸை மேம்படுத்தும்போது வரும் ஆபத்து பலருக்குத் தெரியாது. லினக்ஸின் அடிப்படை நூலகமான ஜிலிப்சியின் 2018இல் வந்த 2.28 பதிப்பு எழுத்து வரிசை விதிகளை மாற்றியது. பழைய சர்வரின் தரவு ஃபைல்களை அப்படியே புதிய லினக்ஸில் வைத்து ஓட்டினால், பழைய வரிசையில் கட்டிய இண்டெக்ஸ்கள் பொய் சொல்லத் தொடங்கும். இருக்கும் வாடிக்கையாளரை இல்லை என்னும். மேம்படுத்தியதும் இண்டெக்ஸ்களை மறுபடி கட்டிவிட வேண்டும்.

மலிவான ஷேர்டு ஹோஸ்டிங்கில் மைஎஸ்கியூஎல்லோ மரியாடிபியோதான் கிடைக்கும் என்பதும் ஒரு தடை. கம்பெனிக் கணக்கை அந்த மாதிரி இடத்தில் வைக்கவே வேண்டாம் என்பது என் எண்ணம். தயாரான மென்பொருளை வாங்கப் போகிறீர்கள் என்றால் தேர்வு உங்கள் கையில் இல்லை: ஓடூ போஸ்ட்கிரெஸில் மட்டுமே ஓடும், மும்பையின் ஃப்ராப்பே உருவாக்கிய இஆர்பிநெக்ஸ்ட் மரியாடிபியை முதன்மையாகக் கொண்டது.

மீட்டெடுத்துப் பார்த்த பேக்கப்

2017 ஜனவரி 31 அன்று நிரல்களைச் சேமிக்கும் சேவை தரும் கிட்லேப் நிறுவனத்தில் ஒரு பொறியாளர் தவறான சர்வரில் போஸ்ட்கிரெஸ் தரவு ஃபோல்டரை அழித்துவிட்டார். அப்போதுதான் தெரிந்தது: தினசரி பேக்கப் எடுக்கும் கருவி 9.2 பதிப்பு, டேட்டாபேஸோ 9.6. ஒவ்வொரு முறையும் பேக்கப் தோற்றுக்கொண்டிருந்தது. தோற்றதாகச் சொல்லும் மின்னஞ்சல்களும் போய்ச் சேரவில்லை. தற்செயலாக ஆறு மணி நேரம் முன்பு எடுத்த ஒரு ஸ்னாப்ஷாட் இருந்ததால் தப்பினார்கள். அந்த ஆறு மணி நேரத் தரவு போனது போனதுதான். நடந்ததை ஒளிக்காமல் முழுவதும் வெளியிட்டார்கள். அதற்காக அவர்களுக்கு நன்றி சொல்ல வேண்டும்.

குறிப்பிட்ட நிமிடம் வரை மீட்டெடுக்கும் வசதி நான்கிலும் இருக்கிறது. போஸ்ட்கிரெஸில் முழுப் பிரதியோடு, ஒவ்வொரு மாற்றத்தையும் குறித்து வைக்கும் வால் (WAL) பதிவுகளைச் சேர்த்து வைக்க வேண்டும், மைஎஸ்கியூஎல்லிலும் மரியாடிபியிலும் அதே வேலையைச் செய்யும் பின்லாக், எஸ்கியூஎல் சர்வரில் லாக் பேக்கப். ராத்திரி ஒரு டம்ப் (முழுப் பிரதி) மட்டும் எடுத்துவிட்டு, மாலை ஐந்து மணிக்கு டிஸ்க் போனால் அன்றைய 2,000 பில்லில் பெரும்பகுதியைத் தாளிலிருந்து மறுபடி ஏற்ற வேண்டியிருக்கும். கம்பெனிக் கணக்கின் பேக்கப் இந்தியாவில் உள்ள சர்வரில் தினமும் இருக்க வேண்டும் என்பது 2022இல் வந்த விதி. அமேசானுக்கு மும்பையிலும் ஹைதராபாத்திலும், மைக்ரோசாஃப்டின் அஸ்யூருக்குச் சென்னையிலும் டேட்டா சென்டர்கள் இருப்பதால் இது சிரமமில்லை.

இந்த மூன்று கிளை நிறுவனத்துக்கு என் பரிந்துரை போஸ்ட்கிரெஸ் 17 அல்லது 18. மும்பை டேட்டா சென்டரில் கிளவுட் நிறுவனமே நிர்வகிக்கும் சேவையாக எடுத்து, பிஜிஆடிட்டை முதல் நாளே இயக்கி, மாதம் ஒருமுறை பேக்கப்பை வேறொரு மெஷினில் மீட்டு, முந்தைய நாள் விற்பனைத் தொகை பைசா மாறாமல் ஒத்துப்போகிறதா என்று கணக்காளரையே பார்க்கச் சொல்லுங்கள். உங்களிடம் இருக்கும் இரண்டு டெவலப்பர்களும் போஸ்ட்கிரெஸைத் தொட்டதே இல்லை, மரியாடிபியில் பின்லாக்கிலிருந்து மீட்டெடுத்த அனுபவம் இருக்கிறது என்றால் மட்டும் மரியாடிபியை எடுங்கள். கண்டிப்பு முறையும் யூடிஎஃப்8எம்பி4உம் முதல் அட்டவணை எழுதும் முன்பே இயங்கிக்கொண்டிருக்க வேண்டும்.